தலைத்துணி வாங்கும்போது கண்ணாடியை மட்டும் நம்பாதீர்கள்

இஸ்ரேலில் வீட்டோடு தங்கி ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்கிறேன். மாத்திரை கொடுப்பது, குளிப்பாட்டுவது, படுக்கையிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவது எல்லாம் வரும் முன்பே பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். தலைத்துணி கட்டிவிடுவது அந்தப் பாடத்தில் இல்லை. ஆனால் பல் துலக்கிவிடுவதற்கும் முன்னால், காலையில் செய்கிற முதல் வேலை அதுதான். பாட்டிக்குத் தோள்மூட்டு தேய்ந்துபோய்க் கை காதுக்கு மேலே எழும்பாது.

நான் இருப்பது பினே பிராக்கில். டெல் அவீவை ஒட்டின ஊர்தான், ஆனால் நடை உடை எல்லாமே வேறு. இங்கே ஏறக்குறைய எல்லாரும் ஆச்சாரம் பார்க்கிற யூதர்கள். கல்யாணமாகாத பெண் பின்னல் தெரிய நடப்பாள். கல்யாணமானவள் முடியை மூடாமல் தெருவில் இறங்கமாட்டாள். எங்கள் வீட்டுப் பாட்டியை நான் 'சவ்தா' என்று கூப்பிடுகிறேன், பேரப்பிள்ளைகளைப் போலவே. மொரோக்கோவில் காசாபிளாங்காவில் பிறந்தவர். கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது, தலைத்துணி மட்டும் இறங்கவில்லை. விதவைக்கும் இது உண்டா என்று வந்த புதிதில் கேட்டேன். "அவர் போயிட்டார், கல்யாணம் எங்க போச்சு?" என்றார்.

பைபிளில் எண்ணிக்கை நூலின் ஐந்தாம் அதிகாரத்தில், சந்தேகத்துக்கு உள்ளான ஒரு மனைவியின் தலையைக் குரு திறந்துவிடுவதாக ஒரு வசனம் உண்டு. திறந்தார் என்றால் அதுவரை மூடியிருந்தது என்றுதானே பொருள் என்று யூதர்களின் பழைய சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூது அதிலிருந்து வழக்கத்தை எடுக்கிறது. அதே தல்மூதில் வருகிற கிம்ஹித் கதையைச் சவ்தா அடிக்கடி சொல்வார். கிம்ஹித்தின் ஏழு மகன்களும் தலைமைக் குருவாக இருந்தார்களாம். என்ன புண்ணியம் செய்தாய் என்று கேட்டதற்கு, என் வீட்டு உத்தரம்கூட என் பின்னலைப் பார்த்ததில்லை என்றாளாம். சவ்தா தூங்கும்போதும் ஒரு தொப்பி போட்டுக்கொள்கிறவர்தான். இருந்தாலும் கதையின் மிச்சத்தையும் விடாமல் சொல்வார்: "அறிஞர்கள் என்ன சொன்னாங்க தெரியுமா? நிறையப் பேர் அப்படிச் செஞ்சாங்க, ஒண்ணும் நடக்கலன்னாங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பார்.

எல்லாப் பெண்களும் ஒரே அளவுக்கு மூடுவதில்லை என்பது எனக்கு மெதுவாகத்தான் பிடிபட்டது. வசதியின் பாதிக் கணக்கு இதில் இருக்கிறது. அமெரிக்காவில் வாழ்ந்த ரப்பி, அதாவது யூத மதகுரு, மோஷே ஃபைன்ஸ்டைன் முன்நெற்றியில் இரண்டு விரல் அகலம் முடி தெரியலாம் என்று அனுமதித்தார். அவர் சொல்படி நடக்கிற பெண்ணுக்குத் துணியின் விளிம்பு முடிமேல் உட்காரும். வழுக்காது, தோலையும் அறுக்காது. ஒரு மயிரிழைகூடத் தெரியக்கூடாது என்கிற குடும்பத்தில் விளிம்பு நேராக நெற்றித்தோலில் விழும். ஆகஸ்ட் மாதம் இந்தக் கடலோரப் புழுக்கத்தில் அந்தத் தோல் என்ன பாடுபடும் என்று நாகர்கோவில்காரியான எனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே இங்கே வேலைக்கு வரும் நம் ஊர்ப் பெண்கள் பாட்டிக்கு எந்தத் துணி பிடிக்கும் என்று கேட்பதற்கு முன்னால், விளிம்பு எங்கே உட்கார வேண்டும் என்று கேளுங்கள். வீட்டுக்கு வீடு மாறும். அவர் கண்ணாடி முன்னால் இருக்கும்போது கேட்டால் விரலை வைத்தே காட்டிவிடுவார்.

சவ்தா கட்டுவது மித்பஹத். சாதாரணச் சதுரத் துணி, பக்கம் ஒரு மீட்டர் இருக்கும். மூலைக்கு மூலை மடித்து, மடிப்பு விளிம்பை ஒரு விரல் அகலம் உள்ளே திருப்பி, நெற்றியில் வைத்து, இரண்டு முனைகளையும் காதுக்குப் பின்னால் கொண்டுபோய், பிடரியில் தொங்கும் முக்கோணத்துக்கு மேலே குறுக்காகப் போட்டு முடிச்சுப் போட வேண்டும். காலம் முழுவதும் அவர் தானே அப்படித்தான் கட்டிக்கொண்டார். நடமாடுகிற பெண்ணுக்கு அந்த முடிச்சு சரி. சாய்வு நாற்காலியில் நாளெல்லாம் சாய்ந்திருக்கிறவருக்குப் பிடரி முடிச்சு மண்டை எலும்பின் அடியில் குத்திக்கொண்டே இருக்கும். சவ்தா கழுத்து வலி என்பார். தலையணையை மாற்றுவோம், தைலம் தேய்ப்போம், போகாது. இப்போது முனைகளைப் பின்னால் குறுக்காகப் போட்டதும் இடது பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, காதுக்கு மேலே சற்றுப் பின்தள்ளி முடிந்துவிட்டு, மிச்சத்தை மடிப்புக்குள் செருகிவிடுகிறேன். கழுத்து வலிப் பேச்சு குறைந்துவிட்டது.

இடது பக்கம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வலது காதில் காது கேட்கும் மெஷின் இருக்கிறது. காதுக்குப் பின்னால் மாட்டுகிற வகை. அதன்மேல் துணி அழுத்தி உட்கார்ந்தால் கீ என்று கூவ ஆரம்பிக்கும். சத்தம் பொறுக்காமல் சவ்தா மெஷினைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். அப்புறம் நான் கத்த, அவர் கத்த, கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து எட்டிப் பார்ப்பார். மெஷின் கெட்டுப்போச்சு என்று மகன் இரண்டு முறை சரிபார்க்க எடுத்துக்கொண்டு போனார். கெட்டுப்போகவில்லை. காது முழுவதும் வெளியே இருக்கும்படி விளிம்பைக் காதுக்குப் பின்னால் இறக்கினேன், கூவல் நின்றது. இந்த வீட்டில் காது தெரிவதில் தோஷம் எதுவும் இல்லை, முடிதான் விஷயம். மூக்குக் கண்ணாடி போடுகிறவர் என்றால் துணியைக் கட்டிய பிறகு கண்ணாடிக் காம்பைத் துணிக்கு மேலாக மாட்டுங்கள். அடியில் மாட்டினால் சாயங்காலத்துக்குள் காது மடலின் மேல் சிவந்த கோடு விழும், வயதானவர்களுக்கு அது புண்ணாகிவிடும்.

இறுக்கம் சரியா என்று பார்க்க நான் இரண்டு காரியம் செய்கிறேன். முடிச்சுக்கடியில் என் சுண்டுவிரல் தாராளமாகப் போய்வர வேண்டும். அடுத்தது, கட்டி முடித்ததும் சவ்தாவுக்கு ஒரு வாய் ரொட்டி கொடுத்து மென்று காட்டச் சொல்வேன். நெற்றிப் பொட்டில் கை வைத்துப் பாருங்கள், நாம் மெல்லும்போது அங்கே ஒரு தசை ஏறி இறங்கும். துணி அந்தத் தசையை அமுக்கியிருந்தால் காலையில் தெரியாது, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் இரண்டு பொட்டும் விண்ணென்று தெறிக்கும். மெல்லும்போது துணி லேசாக ஏறி இறங்கினால் அளவு சரி. "என்னை ஆடு மாதிரி மெல்ல வைக்கிறாள்" என்று மகளிடம் போனில் புகார் போகும், போகட்டும்.

தளர்த்திக் கட்டினால் வழுக்குமே என்பீர்கள். வழுக்கும்தான். அதற்குத்தான் உள்ளே போடும் வெல்வெட் பட்டை. ரப்பி அகிவா தெருவில் தலைத்துணி விற்கிற எந்தக் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் வெல்வெட் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு பக்கம் முடியைப் பிடிக்கும், மறுபக்கம் துணியைப் பிடிக்கும். பிடிமானம் பட்டையிடம் போய்விட்டால் முடிச்சு இறுக்கமாக இருக்கத் தேவையே இல்லை. முடி கொட்டி வழுக்கையாகிவிட்டவர்களுக்கு, குறிப்பாகக் கீமோ எடுத்தவர்களுக்கு, வெல்வெட்டுக்குப் பதில் மெல்லிய பருத்தித் தொப்பி நல்லது. வெறும் மண்டையில் வெல்வெட் அரிக்கும்.

சவ்தாவின் கடைசி மகள் சிறுபிள்ளைகள் பள்ளியில் டீச்சர். நாள் பூரா குனிந்து நிமிர்கிற வேலை. அவர் கட்டுவதும் மித்பஹத்தான், ஆனால் அழகுக்காக உள்ளே 'போபோ' வைப்பார். போபோ என்பது தலைக்குப் பின்னால் பெரிய கொண்டை இருப்பதுபோலக் காட்ட வைக்கிற பஞ்சுத் திண்டு. அதன்மேல் ஒரு நீளத் துணி, அதன்மேல் நிறத்துக்குப் பொருத்தமாக இன்னொன்று. பார்க்க ராணி மாதிரிதான் இருப்பார். வேலை முடிந்து அம்மாவைப் பார்க்க வந்ததும் முதலில் தேடுவது தலைவலி மாத்திரையை. தனக்குப் பிறவியிலேயே தலைவலி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் அவர் கழற்றி வைத்த மொத்தத்தையும் சமையலறைத் தராசில் போட்டுப் பார்த்தேன். 320 கிராம். சவ்தாவின் பருத்தித் துணி அதே தராசில் 70 கிராம்கூட வரவில்லை. எடையைவிட அது தொங்குகிற இடம்தான் கொடுமை. திண்டு பிடரிப் பக்கம் தாழ்ந்து நிற்பதால் மொத்த பாரமும் பின்னால் இழுக்கிறது. விழாமல் தாங்குவது முன்நெற்றி விளிம்பு. அவர் நெற்றியில் அந்தக் கோடு பள்ளமாகவே தெரியும். காதோரத்தில் முடி மெலிந்துபோனதும் இதே இழுப்பால்தான்.

போபோவை விட்டுவிடச் சொல்ல நான் யார்? அவருக்கு அது பிடிக்கும். வேலை நாளுக்கு ஒன்று, விசேஷத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார். பள்ளிக்குப் போகும் நாளில் தன் சொந்த முடியையே தளர்வாகக் கொண்டை போட்டு, அதன்மேல் ஒற்றைத் துணி. கொண்டையும் தினம் ஒரே இடத்தில் இல்லை, ஒரு நாள் மேலே, ஒரு நாள் கீழே. ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றின பேண்ட். விருந்து, கல்யாணம் என்றால் திண்டு திரும்ப வரும், அதுவும் சின்னதாக, உச்சிக்குக் கிட்டே ஏற்றி. மாத்திரைப் பட்டை இப்போது எங்கள் மருந்து டப்பாவில் காலியாகாமல் கிடக்கிறது.

அவரோடு கடைக்குப் போனபோதுதான் ஒன்று கவனித்தேன். கடையில் கட்டிவிடும் பெண் கண்ணாடிக்கு நேரே நிமிர்ந்து உட்கார வைத்துக் கட்டுவாள். அப்படி இருக்கும்போது எந்தத் துணியும் சுகமாகத்தான் இருக்கும். கட்டினதும் எழுந்து குனிந்து செருப்பு வாரைத் தொடுங்கள். தலையை இரண்டு பக்கமும் திருப்புங்கள். சுவரில் சாயுங்கள். கைக்குழந்தைக்காரி என்றால் குழந்தையைத் தோளில் போட்டுப் பாருங்கள். தொங்குகிற முனையை அது இழுக்காமல் விடாது. பிறகு கடையிலேயே கால் மணி நேரம் வேறு துணி பார்ப்பதுபோல நில்லுங்கள். எங்கே கை தன்னால் போய்ச் சொறிகிறதோ, அங்கேதான் அந்தத் துணியின் குறை.

மூத்த மருமகள் விக் வைக்கிறவர். ஒரே குடும்பத்தில் இரண்டு வழக்கம் இருப்பது இங்கே சகஜம். ரப்பி ஒவாதியா யோசெஃபைப் பின்பற்றுகிற, மொரோக்கோ, ஈராக் மாதிரி நாடுகளிலிருந்து வந்த கிழக்கத்திக் குடும்பங்கள் பலவற்றில் விக் ஆகாது. முடியை முடியால் மூடுவது என்ன மூடல் என்பது அவர் வாதம். மருமகள் பிறந்த வீடு ஐரோப்பிய வழி, ஹபாத் இயக்கம். அந்த இயக்கத்தின் தலைவர் ரப்பி மெனாஹெம் மெண்டல் ஷ்னெயர்சன் விக்கைத்தான் வற்புறுத்தினார். துணியைச் சங்கடமான இடத்தில் நைசாகப் பின்னால் தள்ளிவிடலாம், விக்கை அப்படித் தள்ள முடியாது என்பார். மாமியாரும் மருமகளும் இதைப் பற்றிப் பேசுவதே இல்லை. அதுவும் ஒரு வசதிதான்.

நான் இந்தியா என்று தெரிந்ததும் மருமகள் என்னிடம் முதலில் கேட்டது திருப்பதியைப் பற்றி. 2004-இல் எருசலேமின் ரப்பி யோசெஃப் ஷாலோம் எல்யாஷிவ், திருப்பதியில் காணிக்கையாக மழிக்கிற முடியில் செய்த விக்கைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். அந்நிய வழிபாட்டுக்குப் படைத்த பொருளிலிருந்து பலன் எடுக்கக்கூடாது என்பது அவர்கள் சட்டம். லண்டனிலிருந்து ஒரு ரப்பி திருமலைக்கே போய் மொட்டை போடும் இடத்தைப் பார்த்துவிட்டு வந்தார். இதே பினே பிராக்கில் தெருவில் போட்டு விக்குகளைக் கொளுத்தியிருக்கிறார்கள். மருமகளின் கல்யாண விக்கும் அன்று குப்பைக்குப் போனதாம்; நல்ல விலை கொடுத்து வாங்கினது. "உங்க ஊர்ல முடியைக் கடவுளுக்குக் கொடுக்கிறீங்களா, இல்ல சும்மா வெட்டிப் போடுறீங்களா?" என்று கேட்டார். வேளாங்கண்ணியில் எனக்கே மொட்டை போட்டிருக்கிறார்கள். நேர்த்திக்கடன் என்பதை எனக்குத் தெரிந்த எபிரேயத்தில் விளக்க முயன்றேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். இன்றைக்கும் விக் வாங்கும்போது முடி எந்த நாட்டுது என்று கேட்டு, ரப்பியின் சான்றிதழ் பார்த்துத்தான் வாங்குகிறார்.

விக்கின் சுகம் பற்றி அவரிடம் கற்றது கொஞ்சம்தான். உள்ளே தைத்திருக்கிற சின்னக் கிளிப்புகள் தினமும் ஒரே இடத்தில் முடியைக் கவ்வினால் அங்கே சொட்டை விழும். அதனால் அவர் கிளிப்பை எடுத்துவிட்டு, அதே வெல்வெட் பட்டையைக் கீழே போடுகிறார். தலைச் சுற்றளவை டேப் வைத்து அளக்காமல் விக் வாங்கக் கூடாது. வீட்டுக்குள் வந்ததும் விக் தாங்கியில் ஏறிவிடும், தலையில் பருத்திப் பை மாதிரி ஒரு தொப்பி ஏறும்.

இனி துணிக்கு வருகிறேன். இந்த ஊர் வெயிலுக்கு மல் துணியை மிஞ்ச ஒன்றும் இல்லை. விஸ்கோஸ் வழவழவென்று அழகாக விழும், வேர்வை குடித்தால் கனத்துவிடும். சாட்டின், ஷிஃபான் வழுக்கும். வழுக்குவதால் இறுக்குவோம், இறுக்குவதால் வலிக்கும். ஜெர்சி துணித் தொப்பி போடும்போது மெத்தென்று இருக்கும், ஆனால் எலாஸ்டிக் மணிக்கணக்கில் அமுக்குகிற அமுக்கு கழற்றின பிறகுதான் தெரியும். நான் ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் மல் துணி எடுத்து, அம்மாவிடம் கொடுத்து ஓரம் அடித்துக்கொண்டு வருவேன். ஓரம் மெல்லிசாகச் சுருட்டி அடித்ததாக இருக்க வேண்டும். மடித்து மெஷினில் இரட்டைத் தையல் போட்ட ஓரம் நெற்றியில் கயிறுபோல உறுத்தும். முதல் தடவை கட்டும் முன்பு ஒரு முறை துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள்.

பரிசாக வாங்கிக் கொடுக்க நினைத்தால் லேபிளைப் பாருங்கள். கம்பளியும் லினனும் கலந்த துணி அவர்களுக்கு விலக்கு, இணைச்சட்ட நூலில் இருக்கிறது. பருத்தி கலந்த லினன் பரவாயில்லை, பட்டு கலந்த கம்பளியும் பரவாயில்லை. லேபிளே இல்லாத சால்வை என்றால் மகள் அதை வாங்கித் தனியாக எடுத்து வைத்துவிடுவார், சோதித்துப் பார்க்காமல் தலையில் ஏறாது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சவ்தாவுக்கு ஜரிகை போட்ட வெள்ளைத் துணிதான் வேண்டும். ஜரிகை தோலைப் பிராண்டும். அதனால் உள்ளே பருத்திப் பட்டை போட்டு, ஜரிகை விளிம்பை அதைத் தாண்டாமல் நிறுத்துவேன். குஞ்சம் வைத்த துணி என்றால் மெழுகுவர்த்தி ஏற்றும் முன் குஞ்சங்களைச் செருகியாக வேண்டும். அன்று சாயங்காலம் தொடங்குகிற ஓய்வுநாளில் முடிச்சுக்கும் சட்டம் உண்டு. இந்த வீட்டில் இரட்டை முடிச்சு போடுவதில்லை, ஒரு சுற்றும் மேலே ஒரு பூ முடிச்சும்தான், ஊக்கும் குத்துவதில்லை. மற்ற நாளில் ஊக்கை நம்பிக் கட்டிப் பழகினால் வெள்ளிக்கிழமை கை தடுமாறும். ஊக்கில்லாமலே நிற்கிற கட்டாகப் பழகிக்கொள்ளுங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது இது இன்னும் உதவும். எம்ஆர்ஐ அறைக்குள் ஊக்கு, ஹேர்பின் எதுவும் போகக் கூடாது. முடிச்சில்லாத பருத்தித் தொப்பி ஒன்று எப்போதும் பையில் இருந்தால் மல்லாந்து படுக்கவும் தொந்தரவில்லை. ஸ்கேன் எடுக்கிறவர் அதையும் கழற்றச் சொன்னால் அங்கே கிடைக்கிற காகிதத் தொப்பியைக் கேட்டு வாங்குங்கள். எந்த நேரத்திலும், மயக்கத்தில் இருந்தாலும், கேட்காமல் சொல்லாமல் அவர் தலைத்துணியை உருவாதீர்கள்.

ராக்கெட் தாக்குதல் வந்தால் ஒலிக்கிற சைரன் வேறு இருக்கிறது. இந்தப் பகுதியில் சைரன் ஒலித்தால் பாதுகாப்பறைக்குப் போக ஒன்றரை நிமிடம். சவ்தாவைத் தூக்கி நாற்காலியில் வைக்கவே அதில் பாதி போய்விடும். ராத்திரித் தொப்பி தலையணையில் கழன்று கிடந்த சமயம், துணி இல்லாமல் படியில் இறங்கமாட்டேன் என்று அவர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு வாக்குவாதம் செய்திருக்கிறார். மாடிப்படியில் அக்கம்பக்கத்து ஆண்கள் இருப்பார்களே. இப்போது தலைமாட்டில் ஒன்று, நாற்காலிப் பையில் ஒன்று, பாதுகாப்பறைக் கொக்கியில் ஒன்று. மூன்றுமே ஒரே கையால் மாட்டுகிற தொப்பி, மூன்றும் கருநீலம், முன்பக்கம் எது என்று இருட்டில் தடவிப் பார்த்தால் தெரிய உள்ளே ஒரு பொத்தான் தைத்திருக்கிறேன். பொத்தான் நெற்றியில் படக்கூடாது, உச்சிப் பக்கம் தள்ளித் தைக்க வேண்டும்.

துவைக்கிற விஷயத்தில் சோம்பல் வேண்டாம். கோடையில் உள்பட்டையைத் தினம் மாற்றுங்கள், மேல்துணி இரண்டு நாள் தாங்கும். குளித்த தலையை ஈரத்தோடு மூடாதீர்கள். பொடுகும் அரிப்பும் அங்கிருந்துதான் வரும். தொப்பியின் எலாஸ்டிக் லொடலொடத்துப் போனால் ஊக்கு குத்தி ஓட்டாமல் எறிந்துவிடுங்கள். சவ்தா எறிய விடமாட்டார். நான் அதைச் சமையலறைத் துடைதுணி அலமாரியில் வைத்துவிடுகிறேன், அங்கே இருந்தால் கேட்கமாட்டார்.